மனு எழுதிய கையால்

எல்லோருக்கும் வணக்கம். எண்ணூரிலிருந்தும் காசிமேட்டிலிருந்தும் வேலை முடிந்த கையோடு இந்த எழுத்துக் கூட்டத்துக்கு வந்திருக்கிறீர்கள். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். கஷ்டகாலம் கொஞ்சம் அடங்கிய பிறகும் எழுத உட்கார ஏன் கை வரமாட்டேன் என்கிறது?

2023 டிசம்பரை நாம் யாரும் மறக்கவில்லை. முதலில் மிக்ஜாம் புயல். வெள்ளம் வடிவதற்குள் கொசஸ்தலை ஆற்றில் ஆலை எண்ணெய். படகு, வலை, வீட்டுச் சுவர் எல்லாம் கருப்பு. குவளையால் மொண்டு மொண்டு அந்த எண்ணெயை டிரம்மில் ஊற்றியவர்கள் நம் மீனவர்கள். அந்த மாதமே 26ஆம் தேதி, நள்ளிரவு நெருங்கும் நேரத்தில் பெரியகுப்பத்தில் அம்மோனியா வாயுக் கசிவு. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஜனங்கள் ஓடினார்கள்.

அப்புறம் பல மாதங்கள் நாம் எழுதாமல் இல்லை, ஓயாமல் எழுதினோம். எல்லாம் இழப்பீடு கேட்டு மனு. பெயர், தகப்பனார் பெயர், குப்பம், படகு எண், வீணான வலை. ஒருமுறை நான் அவசரத்தில் இறால் வலை என்று எழுதிவிட்டேன். பக்கத்தில் இருந்த அக்கா விடவில்லை. "நண்டு வலைன்னு போடு தம்பி. இல்லாதத கேட்ட மாதிரி ஆயிடும்" என்றார். எல்லாம் போன நிலையிலும் அந்தக் கண்டிப்பு. கதை எழுதுகிறவனுக்கும் அது வேண்டும்.

இப்போது பலர் என்னிடம் சொல்கிறார்கள்: "அவ்வளவு பெரிய துயரத்தைப் பார்த்துட்டு வேற எதை எழுதுறது? அதையும் எழுத முடியல." அந்தத் துயரத்தை எழுதி முடித்த பிறகுதான் மற்றதைத் தொடவேண்டும் என்று யார் சொன்னது? காசிமேட்டைப் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன் இனப்பெருக்கத்துக்காக விசைப்படகுகளுக்கு 61 நாள் தடை. 2017க்கு முன்பு 45 நாளாக இருந்தது. அந்த நாட்களில் இன்ஜினைப் பிரித்துப் பார்க்கிறார்கள், வலையின் கிழிசலைக் கண் கண்ணாகப் பின்னுகிறார்கள். தடை முடிந்து முதல் தடவை கடலுக்குப் போனதும் எல்லோருக்கும் வஞ்சிரம் மாட்டிவிடுவதில்லை. கிடைத்ததை ஏலம் போட்டுவிட்டு மறுபடி போகிறார்கள்.

நான் மனு எழுதிய நோட்டையே திருப்பி, பின்பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன். எங்கள் தெருப் பாட்டி ஒருவர் ரொம்ப நாளுக்குப் பிறகு இறால் வாங்கியதைத்தான் முதலில் எழுதினேன். ஒன்றை எடுத்து மூக்கருகே வைத்து முகர்ந்தார். இன்னொன்றை எடுத்து அதையும் முகர்ந்தார். அப்புறம்தான் விலை கேட்டார். எண்ணெய் என்ற வார்த்தையே அந்தப் பக்கத்தில் இல்லை. படித்துக் காட்டியபோது ஒருவரும் விளக்கம் கேட்கவில்லை.

மனுவில் யாரும் சிரிப்பதில்லை, குழாயடியில் சண்டை போடுவதில்லை, கல்யாணத்துக்குப் புடவை எடுப்பதில்லை. இழப்பு மட்டும்தான் இருக்கும், அதன் வேலை அது. வடசென்னையைப் பற்றி வெளியிலிருந்து எழுதுகிறவர்களும் பெரும்பாலும் நம் இழப்பைத்தான் எழுதுகிறார்கள். மிச்ச வாழ்க்கையையும் அவர்களே வந்து எழுதட்டும் என்று விட்டுவிட எனக்கு மனமில்லை.

அடுத்த கூட்டத்துக்கு ஆளுக்கு ஒரு பக்கம் கொண்டுவாருங்கள். கதையாக இருக்க வேண்டியதில்லை, அந்த வாரம் உங்கள் தெருவில் நடந்த ஏதாவது ஒன்று போதும். எழுத நேரமில்லாதவர்கள் வாயால் சொல்லுங்கள், பக்கத்தில் இருப்பவர் எழுதிக்கொள்ளட்டும்.