வாக்குச் சீட்டின் கடைசி வரிசை

நடுவர் அவர்களுக்கும், சித்திரைத் திருநாளுக்காக இந்தப் பள்ளி அரங்கில் கூடியிருக்கும் நியூ ஜெர்சித் தமிழ் உறவுகளுக்கும் வணக்கம்.

அமெரிக்காவில் நம் அன்றாட வாழ்க்கையைப் பெரிதும் தீர்மானிப்பது அதிபர் தேர்தலா, உள்ளூர்த் தேர்தலா என்பது இன்றைய கேள்வி. உள்ளூர்த் தேர்தலே என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன், அதிபர் மாறினால் விசாவில் இருப்பவர் வீட்டில் தூக்கம் போய்விடுகிறது என்றார். உண்மைதான் அண்ணா, அந்தப் பயத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். கிரீன் கார்டு வரிசையில் பதினோரு வருடம் நின்றவள் நான். ஆனால் அந்த வரிசை ஏன் இவ்வளவு நீளம்? ஆண்டுக் கிரீன் கார்டு ஒதுக்கீட்டில் எந்த நாட்டுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது என்ற வரம்பு, 1990இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் இயற்றிய சட்டத்தில் இருக்கிறது. எந்த அதிபரும் தனியாகக் கையெழுத்துப் போட்டு அதை மாற்ற முடியாது. சரி, அதை அங்கேயே விட்டுவிட்டு என் வீட்டு வாசலுக்கு வருகிறேன்.

குடியுரிமை வாங்கிய பிறகு என் முதல் ஓட்டை எங்கள் ஊர்த் தீயணைப்பு நிலையத்தில் போட்டேன். தஞ்சாவூரில் விரலில் மை வைத்துக்கொண்டு வந்தவளுக்கு இங்கே சட்டையில் ஒட்ட ஒரு ஸ்டிக்கர் கொடுத்தார்கள். கண் கலங்கிவிட்டது. அதிபர் பெயருக்கு நேராக அழுத்திக் கறுப்பாக்கினேன். கீழே போனால் நம்மூர் மாவட்டம் மாதிரியான கவுண்டி, ஊர் நிர்வாகமான டவுன்ஷிப், கடைசியில் ஊர்ப் பள்ளிகளை நடத்தும் பள்ளி வாரியம். பள்ளி வாரியத்துக்கு நிற்பவர்களுக்கு இங்கே கட்சி அடையாளம் கிடையாது. ஆறு பெயர்கள் இருந்தன, ஒருவரையும் எனக்குத் தெரியாது. அந்த வரிசையை அப்படியே காலியாக விட்டுவிட்டு வந்தேன்.

அடுத்த வசந்தத்தில் பட்ஜெட்டில் பற்றாக்குறை வந்தது. நியூ ஜெர்சி சட்டப்படி, எட்டாம் வகுப்பு வரை படிக்கிற பிள்ளைக்கு வீடு பள்ளியிலிருந்து இரண்டு மைலுக்கு மேல் இருந்தால்தான் பஸ் விட்டே ஆக வேண்டும். அதற்குள் இருப்பவர்களுக்கு விடும் பஸ்ஸைக் கர்ட்டசி பஸ் என்பார்கள். அது வாரியத்தின் விருப்பம். எங்கள் வீடு ஒன்றே முக்கால் மைல். வாரியம் ஐந்துக்கு நான்கு என்று ஓட்டுப் போட்டு அந்த பஸ்ஸை நிறுத்திவிட்டது.

நடுவர் அவர்களே, அந்தச் சாலையில் நடைபாதை இல்லை. பிப்ரவரியில் பனியை வாரி ஓரத்தில் குவித்துவிடுவார்கள், அப்புறம் கால் வைக்க ஓரமும் இல்லை. என் மகளுக்கு அப்போது ஒன்பது வயது. நானாவது அலுவலகத்தில் கெஞ்சிக் கூத்தாடிக் காரில் கொண்டுபோய் விட்டேன். பக்கத்து வீட்டு எல் சால்வடோர் அம்மாவிடம் கார் இல்லை. பையன் கையைப் பிடித்துக்கொண்டு, நாற்பது மைல் வேகத்தில் வண்டிகள் போகிற சாலை ஓரமாக அவர் நடந்து போனதை அந்தக் குளிர்காலம் முழுக்கப் பார்த்தேன்.

நிறுத்தச் சொன்ன ஐந்து பேரில் ஒருவர் முந்தைய நவம்பரில் ஜெயித்தது நூறு ஓட்டுக்கும் குறைந்த வித்தியாசத்தில். எங்கள் ஊரில் மட்டும் இந்தச் சங்கத்து உறுப்பினர்கள் அதைவிட அதிகம். அவர்களில் எத்தனை பேர் என்னைப் போலவே அந்த வரிசையைக் காலியாக விட்டார்களோ? அந்த வருடம் வெள்ளை மாளிகையில் யார் இருந்தார் என்பதற்கும் எங்கள் பஸ்ஸுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஆனால் நாம் கட்டும் சொத்து வரியில், மாநிலச் சராசரிப்படி, பாதிக்கு மேல் பள்ளிகளுக்குத்தான் போகிறது.

இதெல்லாம் சின்ன விஷயம் என்று எதிரணி சொல்லலாம். மிச்சிகனில் இருக்கிற ஃபிளின்ட் நகரத்தை நினைத்துப் பாருங்கள். கடன் நெருக்கடி என்று சொல்லி, ஊரார் தேர்ந்தெடுத்த மேயர், கவுன்சிலின் அதிகாரத்தை எடுத்து, கவர்னர் நியமித்த ஒரு நிர்வாகியிடம் கொடுத்தார்கள். 2014 ஏப்ரலில் செலவைக் குறைக்க, அதுவரை வாங்கிய டெட்ராய்ட் நகரத் தண்ணீரை விட்டு ஃபிளின்ட் ஆற்றுத் தண்ணீருக்கு மாறினார்கள். குழாய் அரிக்காமல் இருக்கச் சேர்க்க வேண்டிய மருந்தைச் சேர்க்கவில்லை. ஈயம் கரைந்து குழந்தைகள் ரத்தத்தில் ஏறியது. தாய்மார்கள் பழுப்புத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக் கூட்டத்துக்குக் கொண்டு வந்தார்கள். 2015 மார்ச்சில் கவுன்சில் ஏழுக்கு ஒன்று என்று ஓட்டுப் போட்டு, டெட்ராய்ட் தண்ணீருக்கே திரும்புவோம் என்றது. நிர்வாகி மறுத்துவிட்டார். அக்டோபர் வரை ஊர் அந்த ஆற்றுத் தண்ணீரையே குடித்தது. அந்த ஏழு பேருடைய ஓட்டுக்கு அன்றைக்கு மதிப்பு இருந்திருந்தால், ஏழு மாதத் தண்ணீர் அந்தக் குழந்தைகள் வாய்க்குப் போயிருக்காது. உள்ளூர் ஓட்டு என்றால் என்ன என்பதை, அதைப் பறிகொடுத்த ஊரிடம்தான் கேட்க வேண்டும்.

2020 அதிபர் தேர்தலில் ஓட்டுரிமை உள்ளவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் வந்து ஓட்டுப் போட்டார்கள். மறு வருடமே நியூயார்க் மேயர் தேர்தலில் பதிவு செய்தவர்களில் நான்கில் ஒருவர்கூட வரவில்லை. ஆனால் வாடகையையும் பஸ் கட்டணத்தையும் பற்றிப் பேசிய 2025 தேர்தலில், அதே நகரத்தில் இருபது லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஓட்டுப் போட்டார்கள்.

இந்தியாவில் பிறந்து இந்த நாட்டின் காங்கிரஸுக்குப் போன முதல் மனிதர் தலிப் சிங் சௌந்த். இந்தியர்கள் குடியுரிமை பெறச் சட்டம் வழிவிட்டதே 1946இல்தான். அவர் 1949இல் குடியுரிமை பெற்றார், 1956இல் காங்கிரஸுக்கு ஜெயித்தார். ஆனால் அதற்கு முன் அவர் ஜெயித்த பதவி, கலிஃபோர்னியாவில் வெஸ்ட்மோர்லண்ட் என்ற சின்ன ஊரின் நீதிபதி பதவி. அவரை முதலில் நம்பி ஓட்டுப் போட்டது அந்த ஊர்க்காரர்கள்.

'எனக்கு ஓட்டே இல்லையே' என்று இந்த அரங்கில் பாதிப் பேர் நினைப்பது தெரிகிறது. மேரிலாந்தில் டகோமா பார்க் என்ற நகரம், குடியுரிமை இல்லாதவர்களையும் 1990களிலிருந்து நகரத் தேர்தலில் ஓட்டுப் போட விடுகிறது. எந்த அதிபர் தேர்தலிலும் அது நடக்காது. நம் ஊரில் அது இல்லைதான். ஆனால் எங்கள் பள்ளி வாரியக் கூட்டத்தில் மைக் முன்னால் போய் நின்றபோது, ஊரையும் தெருவையும் கேட்டார்களே தவிர, குடியுரிமையைக் கேட்கவில்லை. அந்த எல் சால்வடோர் அம்மாவும் பேசினார், நான் மொழிபெயர்க்கத் தேவையே இருக்கவில்லை. மறு வருடம் வாரியத்தில் இரண்டு பேர் மாறினார்கள். பஸ் திரும்பி வந்தது.

நடுவர் அவர்களே, அரங்க வாசலில், பாயசம் வைத்திருக்கும் மேசைக்குப் பக்கத்தில், வாக்காளர் பதிவுப் படிவங்கள் வைத்திருக்கிறோம். உங்கள் ஊரின் அடுத்த பள்ளி வாரியக் கூட்டம் எந்தத் தேதி என்பதையும் பட்டியலில் எழுதி வைத்திருக்கிறேன். இடைவேளையில் அங்கேதான் இருப்பேன். நன்றி, வணக்கம்.