தோப்பு வீட்டின் அறைக்கதவுகள்

நேயர்களுக்கு வணக்கம். சிங்கப்பூரில் பல ஆண்டுகளாகச் சாயப்பூச்சு வேலைகளை மேற்பார்வையிட்டு வருபவன் என்பதால், ஊரில் சொந்த வயலிலோ தென்னந்தோப்பிலோ வீடு கட்டும் நண்பர்கள் என்னிடம் யோசனை கேட்பதுண்டு. அஸ்திவாரத்தைப் பற்றியும் கம்பியைப் பற்றியும் துருவித் துருவிக் கேட்கும் அவர்கள், அறைக்கதவுகளுக்குச் சாயம் பூசுவதை மட்டும் கடைசி வாரத்து வேலையாக ஒதுக்கிவிடுகிறார்கள். அந்தக் கடைசி வாரம் எந்த மாதத்தில் வருகிறது என்பதில்தான் சிக்கலே இருக்கிறது.

இங்கே பிள்ளைகளுக்கு நீண்ட பள்ளி விடுமுறை ஜூன் மாதத்திலும், நவம்பர் பிற்பகுதியிலிருந்து டிசம்பர் முடியும் வரையிலும் வருவதால், விமானச் சீட்டும் புதுமனை புகுவிழாவும் அவற்றை ஒட்டியே அமைகின்றன. தஞ்சை, திருவாரூர்ப் பக்கம் நவம்பரும் டிசம்பரும் வடகிழக்குப் பருவமழைக் காலம். காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காடாக இருக்கும் இடத்தில் நெடுநாள் கிடக்கும் மரம், தன் எடையில் ஏறத்தாழ 16 விழுக்காடு நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். காற்று உலர்ந்து 50 விழுக்காட்டுக்கு இறங்கினால் மரத்தின் நீர் 9 விழுக்காட்டை ஒட்டி வந்துவிடும். மழையில் உப்பியிருந்த கதவுக்குச் சாயம் பூசிவிட்டு வந்தவர் கோடையில் போய்ப் பார்த்தால், நடுப்பலகை சுருங்கி, அது சட்டத்துக்குள் நுழையும் இடத்தில் சாயம் படாத வெற்று மரம் ஒரு நீண்ட கோடாகத் தெரியும். பெயிண்டரைக் குறை சொல்லிப் பயனில்லை. சிங்கப்பூரிலோ ஆண்டு முழுவதும் காற்றில் ஈரம் பெரிதாக மாறுவதில்லை என்பதால், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் நாம் கண்ட அனுபவம் இதற்கு உதவாது.

ஜூனில் மழை குறைவு. ஆனால் திறந்த வயல்வெளியில் தென்மேற்குக் காற்று புழுதியை வாரிக்கொண்டு வரும். தை, மாசியில் சம்பா அறுவடை நடக்கும்போது பக்கத்துக் களத்து வைக்கோல் தூசு, ஈரமான எனாமலில் படிந்தால் உப்புத்தாளால் தேய்த்தே எடுக்க வேண்டும். ஆகவே அறுவடைத் தூசு அடங்கிய பங்குனி மாதத்தில், வெயில் ஏறுவதற்கு முந்தைய காலைப் பொழுதில் இவ்வேலையை வைத்துக்கொள்வதே சரி என்பது என் கருத்து. அதற்காக நீங்கள் ஊரில் இருந்தாக வேண்டும் என்பதில்லை. நம்பிக்கையான ஆசாரியும் பெயிண்டரும் இருந்தால் போதும். இரவில் அந்த அறையில் விளக்கை எரியவிட வேண்டாம் என்று மட்டும் சொல்லி வையுங்கள்; தோப்பில் உள்ள பூச்சிகள் அத்தனையும் ஈரச் சாயத்தில் வந்து ஒட்டும்.

அடுத்ததாக, கதவுக்கு முன்னும் பின்னும் இரண்டு முகங்கள்தாம் என்று நினைப்பவர்கள் அதிகம். பக்கவாட்டு விளிம்புகள் இரண்டு, தலை ஒன்று, அடி ஒன்று என மொத்தம் ஆறு. நெடுஞ்சட்டத்தின் இழைகள் தலையிலும் அடியிலும் வெட்டுப்பட்டு வாய் திறந்திருப்பதால், ஈரம் அவ்வழியாகவே மிக விரைவாக உள்ளே ஏறும். பணி முடிந்தது என்று சொல்லப்படும் வீடுகளில் நான் முதலில் செய்வது, கதவைத் திறந்து அதன் அடியில் ஒரு சிறு முகக்கண்ணாடியை நீட்டிப் பார்ப்பதுதான். பெரும்பாலும் இழைப்புளி பட்டதோடு சரி, சாயம் படாத வெற்று மரமே கண்ணாடியில் தெரியும். தரையைக் கழுவிவிடும் கிராமத்து வீட்டில், அந்தக் கதவு ஒவ்வொரு மழைக்காலத்திலும் நிலையில் பிடிக்கும். ஒவ்வொரு முறையும் ஆசாரி வந்து இழைத்துவிட்டுப் போவார்.

இதற்கு வழி எளியது. ஆசாரி கதவை நிலையில் பொருத்தி, சுற்றிலும் சுமார் 3 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும்படி இழைத்த பிறகு, கீலைக் கழற்றிக் கதவை இறக்கிவிட வேண்டும். இரண்டு முக்காலிகளின் மேல் அதைப் படுக்க வைத்துப் பூசினால் சாயம் வழியாது. அடியும் தலையும் கைக்கு எட்டும். தேக்கு என்றால் அதன் எண்ணெய்ப் பசை சாயத்தை உலரவிடாது என்பதால், பிரைமர் எனும் அடிப்பூச்சுக்குச் சற்று முன்பு தின்னரில் நனைத்த துணியால் துடைப்பது அவசியம். 120 எண் உப்புத்தாளில் தொடங்கி 180-க்குப் போகலாம். தேய்ப்பது மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே இருக்கட்டும். பூசும்போது நடுப்பலகைகள் முதலில், குறுக்குச் சட்டங்கள் பிறகு, நெடுஞ்சட்டங்கள் கடைசியில்.

சாயத்துக்குப் பதிலாக மரத்தின் நிறம் தெரிய ஆளிவிதை எண்ணெய் தேய்க்க விரும்புவோர்க்கு ஓர் எச்சரிக்கை. அந்த எண்ணெய் உலரும்போது வெப்பம் உண்டாகும். துடைத்த துணிகளைச் சுருட்டிக் குவித்து வைத்தால் வெப்பம் வெளியேற வழியின்றி, நெருப்பு வைக்காமலே அவை தாமாகப் பற்றிக்கொள்ளும். பக்கத்தில் வைக்கோல் போர் உள்ள இடத்தில் இதைச் சாதாரணமாக எண்ணக்கூடாது. துணிகளைத் தண்ணீரில் ஊறவைத்து, பின்னர் வெட்டவெளியில் ஒவ்வொன்றாக விரித்துக் காயவிட வேண்டும்.

தண்ணீரில் கரையும் எனாமல், தொட்டால் ஒட்டாத நிலைக்கு ஓரிரு மணி நேரத்தில் வந்துவிட்டாலும், முழுமையாக இறுகச் சில வாரங்கள் எடுக்கும். அதற்குள் கதவை இறுகச் சாத்தித் தாழிட்டால், கதவின் சாயமும் நிலையின் சாயமும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, திறக்கும்போது ஏடு ஏடாக உரிந்து வரும். பங்குனியில் பூசச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்: ஜூன் விடுமுறையில் உறவினர்கள் வந்து தங்கும்போது, அவர்கள் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு தாராளமாக உறங்கலாம்.