அமெரிக்கா கிளம்பும் குழந்தைக்கு 9 மாத ஊசி வீணா?

மடிப்பாக்கத்திலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார். குழந்தைக்கு 8 மாதம் முடிந்துவிட்டது, 10 மாதத்தில் டல்லாஸ் கிளம்புகிறார்கள், அப்பா ஏற்கெனவே அங்கே வேலையில் இருக்கிறார். "9 மாதத்தில் போடும் தட்டம்மை ஊசியை அமெரிக்காவில் கணக்கில் எடுக்க மாட்டார்களாம், 12 மாதம் முடிந்தபின் புதிதாகப் போடுவார்களாம். அப்படியென்றால் இங்கே எதற்குப் பிள்ளையை ஒரு முறை வீணாகக் குத்த வேண்டும் டாக்டர்?" இந்தக் கேள்வியைப் படித்ததிலிருந்து மனசுக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது, ஏனென்றால் அவர் கேள்விப்பட்ட தகவல் சரி, அதை வைத்து எடுக்கப்போகிற முடிவுதான் ஆபத்து.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். போடுங்கள். 9 மாதம் முடிந்ததும் தள்ளிப்போடாமல் போடுங்கள்.

வயிற்றில் இருக்கும்போதே அம்மாவின் எதிர்ப்புச் சக்தி கொஞ்சம் குழந்தைக்கு வந்துவிடுகிறது. அது பிறந்தபின் மாதாமாதம் குறைந்துகொண்டே போகும். அது மிச்சம் இருக்கும் வரை தட்டம்மை ஊசி முழுதாக வேலை செய்ய விடாது. அதனால் 9 மாதத்தில் போட்டால் ஏறக்குறைய 85 சதவீதக் குழந்தைகளுக்குப் பாதுகாப்பு கிடைக்கும், 12 மாதத்தில் போட்டால் 95 சதவீதம். அமெரிக்காவில் 12 மாதம் வரை காத்திருக்கிறார்கள். நம் ஊரில் அதற்கு முன்பே குழந்தைக்குத் தட்டம்மை தொற்றிவிடும் வாய்ப்பு அதிகம், அதனால் 9 மாதத்திலேயே ஆரம்பிக்கிறோம். இரண்டு பேரும் அவரவர் ஊருக்குச் சரியாகத்தான் செய்கிறார்கள்.

இப்போது உங்கள் பிள்ளையைப் பாருங்கள். மீனம்பாக்கத்தில் ஏறி, துபாயிலோ தோஹாவிலோ இறங்கி, நாலு நாட்டுக் கூட்டத்தோடு உட்கார்ந்து, அப்புறம் டல்லாஸ். தட்டம்மை உள்ளவர் ஒரு அறையை விட்டு வெளியே போன பிறகும் 2 மணி நேரம் வரை அந்தக் கிருமி காற்றில் இருக்கும். நீங்கள் போகிற டெக்சாஸிலேயே 2025இல் 700 பேருக்கு மேல் தட்டம்மை வந்தது, குழந்தைகள் இறந்தார்கள். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமே தங்கள் நாட்டுப் பெற்றோரிடம் என்ன சொல்கிறது தெரியுமா? 6 மாதம் முதல் 11 மாதம் வரை உள்ள குழந்தையை வெளிநாடு கூட்டிப் போனால் கிளம்பும் முன் ஒரு டோஸ் போடுங்கள், அது கணக்கில் வராது, இருந்தாலும் போடுங்கள் என்கிறது. கணக்கு என்பது பள்ளிக்கூடத்தில் காட்டும் தடுப்பூசி அட்டைக்கு. ஊசி குழந்தையின் உடம்புக்கு. இதை எத்தனை வீடியோவில் சொன்னாலும் எனக்கு அலுக்காது.

ஊசி போட்டு இரண்டு வாரமாவது ஆனால்தான் பாதுகாப்பு வரும், அதனால் டிக்கெட் தேதிக்கு முந்தின நாள் ஓடி வராதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் புதன்கிழமை போனால் எம்.ஆர். ஊசி போடுவார்கள், தட்டம்மைக்கும் ரூபெல்லா என்ற ஜெர்மன் தட்டம்மைக்கும். தனியார் மருத்துவரிடம் எம்.எம்.ஆர்., அதில் பொன்னுக்கு வீங்கிக்கும் சேர்த்து இருக்கும். எது கிடைத்தாலும் சரி. அங்கே போய் 12 மாதம் முடிந்ததும், இங்கே போட்டதிலிருந்து 28 நாள் இடைவெளி விட்டு, அவர்கள் கணக்கின் முதல் டோஸ். இன்னொன்று 4 வயதுக்கு மேல். மொத்தம் மூன்றாகிவிடுமே என்றால், ஆகட்டும், அதனால் கெடுதல் இல்லை.

அதே கேள்வியில் மாமியார் சொன்னதாக ஒன்று எழுதியிருக்கிறார், "அங்கே போனால் எல்லாவற்றையும் முதலிலிருந்து போடுவார்களாம்." அப்படி இல்லை. இடையில் எத்தனை மாதம் விட்டுப்போனாலும் விட்ட இடத்திலிருந்துதான் தொடர்வார்கள், எழுத்தில் ஆதாரம் இருந்தால். சில ஊசிகள் கூடுதலாக வரும், அதற்குக் காரணம் உண்டு. மஞ்சள் காமாலை பி ஊசியை நாம் பிறந்தவுடன் ஒன்று, அப்புறம் 6, 10, 14 வாரத்தில் முடித்துவிடுகிறோம். அவர்கள் கடைசி டோஸ் 24 வாரத்துக்கு முன்னால் இருக்கக் கூடாது என்கிறார்கள், அதனால் இன்னொன்று கேட்பார்கள். போலியோ சொட்டு மருந்திலிருந்து 2016 ஏப்ரலில் இரண்டாம் வகைக் கிருமியை எடுத்துவிட்டார்கள், அதற்குப் பிறகு கொடுத்த சொட்டு மருந்து அங்கே கணக்கில் இல்லை, ஊசியாகப் போட்ட போலியோ மருந்துதான் கணக்கு. உங்கள் பிள்ளைக்கு ஆறு நோய்க்குச் சேர்த்துப் போடும் ஊசி போட்டிருந்தால் அதற்குள் போலியோ இருக்கிறது, அரசு சுகாதார நிலையத்தில் போடும் ஐந்து நோய்க்கான ஊசியில் இல்லை. அட்டையில் வெறும் பிராண்டு பெயர் மட்டும் இருந்தால் அங்குள்ள நர்ஸுக்கு இது எப்படித் தெரியும்? உள்ளே என்னென்ன இருக்கிறது என்று மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள்.

வயிற்றுப்போக்கைத் தடுக்கும் ரோட்டா சொட்டு மருந்து மட்டும் காத்திருக்காது. இது இந்த அம்மாவுக்கு அல்ல, இரண்டு மாதக் குழந்தையோடு கிளம்புகிறவர்களுக்கு. அமெரிக்காவில் 15 வாரம் ஆகிவிட்டால் முதல் டோஸை ஆரம்பிக்கவே மாட்டார்கள், 8 மாதத்துக்குள் முடித்தாக வேண்டும். "அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்பது இதற்குச் செல்லாது.

அட்டை என்று சொன்னேன் இல்லையா, அதில் ஒரு விஷயம். நியூஜெர்சியிலிருந்து ஒரு அப்பா ராத்திரி பதற்றத்தோடு கூப்பிட்டார், பிள்ளை போட்ட முதல் ஊசிகள் செல்லாது என்று பள்ளியில் சொல்லிவிட்டார்களாம். பிள்ளை பிறந்தது ஏப்ரல் 20. ஆறு வார ஊசி போட்டது ஜூன் 3. இங்கே ஒரு கிளினிக்கில் 03/06 என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் மாதத்தை முதலில் படிப்பார்கள், ஆக மார்ச் 6. பிறப்பதற்கு முன்பே ஊசி! மாதத்தை எழுத்தில் போட்டு ஒரு கடிதம் அனுப்பினேன், சரியாகிவிட்டது. நீங்கள் கிளம்பும் முன்பே இதைச் செய்துவிடுங்கள், ஆங்கிலத்தில், மாதம் எழுத்தில், கையெழுத்தும் சீலும் வைத்து. அட்டையை ஒவ்வொரு பக்கமாகப் போட்டோ எடுத்து இரண்டு பேர் போனிலும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரிஜினலைக் கைப்பையில் வையுங்கள், செக்-இன் பெட்டியில் வேண்டாம்.

இடது கையில் இருக்கும் பி.சி.ஜி. தழும்பையும், அதாவது பிறந்ததும் போட்ட காசநோய்த் தடுப்பூசியின் தழும்பையும், அந்தக் கடிதத்தில் குறிப்பிடச் சொல்லுங்கள். அங்கே யாருக்கும் வழக்கமாக பி.சி.ஜி. போடுவதில்லை. பின்னாளில் தோலில் காசநோய்ப் பரிசோதனை செய்தால் இந்த ஊசியாலேயே தடித்துக் காட்டலாம். ரத்தத்தில் செய்யும் பரிசோதனையைக் கேளுங்கள், அதில் இந்தக் குழப்பம் வராது.

இதெல்லாம் இங்கிருந்து போகிறவர்களுக்கு. என்னிடம் நிறைய பேர் கேட்க வேண்டிய கேள்வி இதற்கு நேர் எதிரானது, அதை யாருமே கேட்பதில்லை. அங்கே பிறந்த குழந்தை 7 மாதத்தில், 8 மாதத்தில் மொட்டை போட, காது குத்த ஊருக்கு வருகிறது. குலதெய்வம் கோயில், ஐம்பது சொந்தக்காரர்கள், ஆளாளுக்குத் தூக்கிக் கொஞ்சுகிறார்கள். "அமெரிக்காவில் எல்லா ஊசியும் கரெக்டாகப் போட்டாச்சு டாக்டர்" என்பார்கள். உண்மைதான், அந்த ஊருக்குக் கரெக்ட். தட்டம்மை இன்னும் போட்டிருக்க மாட்டார்கள். டைபாய்டும் இல்லை, பி.சி.ஜி.யும் இல்லை.

தட்டம்மை டோஸை அங்கேயே, விமானம் ஏறும் முன் இரண்டு வாரமாவது இருக்கும்போது கேட்டு வாங்குங்கள், 6 மாதம் முடிந்திருந்தால் போடுவார்கள். டைபாய்டு ஊசி அங்கே 2 வயதுக்குக் கீழ் கிடைக்காது, நம் ஊரில் 6 மாதத்திலிருந்தே போடலாம். வந்து இறங்கிய வாரமே போட்டுவிட்டு, விசேஷத்தை இரண்டு வாரம் கழித்து வைத்துக்கொள்ளுங்கள், ஜோசியரிடமும் அதைச் சொல்லி நாள் பார்க்கச் சொல்லுங்கள். பி.சி.ஜி., மூன்று வார லீவுக்கு வந்து போகிறவர்களுக்கு அவசரம் இல்லை. திரும்பி வந்து இங்கேயே குடியிருக்கப் போகிறீர்கள் என்றால் ஒரு வயதுக்குள் போடுங்கள். போலியோ முகாம் அந்த நேரத்தில் வந்தால் சொட்டு மருந்தும் கொடுத்துவிடுங்கள், அங்கே போலியோ ஊசி போட்டிருந்தாலும் பரவாயில்லை. கொடுத்த தேதியை அமெரிக்க அட்டையிலும் எழுதி வையுங்கள், மாதத்தை எழுத்தில்.