பூட்டுப் போட்ட பிறகு யாரிடம் கதைப்பது?

(கொழும்பு வெள்ளவத்தையில், மலையேறும் இளைஞர்கள் கூடிய ஒரு மாலை நேரச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

கொழும்பில் ஏறுவதற்குப் பாறை இல்லை. வெள்ளிக்கிழமை இரவு பஸ் பிடித்து கேகாலைப் பக்கமோ மாத்தளைப் பக்கமோ எல்லவுக்கோ போய்த்தான் ஏறுகிறோம். ஆக, நாம் கை வைக்கிற கல் ஒவ்வொன்றும் இன்னொருவருடைய வீட்டுக்குப் பின்னால் இருக்கிறது. ஒன்று விகாரைக் காணியில், ஒன்று தேயிலைத் தோட்டத்துக்குள், இன்னொன்று வனத் திணைக்களத்தின் எல்லைக்குள், மற்றது ஒரு ஐயாவின் றப்பர் காணி மூலையில். நாம் விருந்தாளிகள். அதுவும் அழைக்காமல் வந்த விருந்தாளிகள்.

அந்த ஐயாவின் பக்கத்தில் நின்று ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பாருங்கள். காலை ஏழு மணிக்கு இரண்டு வான் வந்து அவருடைய படலைக்குக் குறுக்கே நிற்கிறது. பன்னிரண்டு பேர் இறங்குகிறார்கள், ஒருவன் கையில் ஸ்பீக்கர். பின்னேரம் போகும்போது பாறையடியில் சோற்றுப் பார்சல் சுற்றிய பொலித்தீன் லஞ்ச் சீற் கிடக்கிறது. 2017இல் அதற்குத் தடை வந்தது என்பதெல்லாம் மலைக்குத் தெரியாது. அடுத்த வாரம் வேறு பன்னிரண்டு பேர். அவர் யாரிடம் போய் முறையிடுவார்? போன வாரம் வந்தவர்களின் பெயர்கூட அவருக்குத் தெரியாது. பேச ஆள் இல்லாதபோது மனிதன் பூட்டு வாங்குகிறான். நான் பார்த்தவரை, பாதைகள் மூடப்படுவது பெரும்பாலும் பொல்லாத காணிக்காரர்களால் இல்லை. ஏறுகிறவர்கள் பக்கம் பதில் சொல்ல ஒருவரும் இல்லாததால்தான்.

இங்கிலாந்துக் கதையை உங்களில் சிலர் கேட்டிருப்பீர்கள். 1932 ஏப்ரல் 24இல் கிண்டர் ஸ்கவுட் மேட்டு நிலத்துக்குள் நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் தடையை மீறி நடந்தார்கள். ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, எனக்கும் பிடிக்கும். ஆனால் திறந்த வெளியில் நடக்கும் உரிமை முழுச் சட்டமாக வந்தது 2000ஆம் ஆண்டில். இடைப்பட்ட காலத்தில் 1949இல் ஒரு சட்டம் வந்தது, அது பாதிக் கிணறு. மீதி வேலையை வருடக்கணக்காகச் செய்தவர்கள் கூட்டங்களுக்குப் போனார்கள், கடிதம் எழுதினார்கள், பறவை கூடு கட்டும் மாதங்களில் இன்ன பாறைக்குப் போக மாட்டோம் என்று ஒப்புக்கொண்டு அதைக் காப்பாற்றினார்கள். அவர்களைப் பற்றி யாரும் பாட்டுக் கட்டவில்லை.

அமெரிக்காவில் இதற்கென்றே அக்செஸ் ஃபண்ட் என்ற அமைப்பு 1991 முதல் தனித்து இயங்குகிறது. பாறை இருக்கிற காணி விலைக்கு வந்தால், உள்ளூர்ச் சங்கம் அதை வாங்கக் கடன் கொடுக்கிறது. பாதை கட்டத் தெரிந்த குழுவை ஊர் ஊராக அனுப்புகிறது. நம்மிடம் காணி வாங்கக் காசு இல்லை, சரி. ஆனால் பாதை வேலைக்குக் காசைவிடக் கைதான் அதிகம் வேண்டும். சிரமதானம் நமக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1958இல் இங்கே சர்வோதய இயக்கம் தொடங்கியதே அப்படித்தான்.

பாதை வேலை என்றால் என்ன? பாறையடிக்குப் போகிற தடத்தில் ஒரு வளைவு வரும். முதலில் ஒருவர் அதைக் குறுக்கே வெட்டி நேராக இறங்குவார், பிறகு எல்லோரும். ஒக்டோபர் மழையில் தண்ணீரும் அதே குறுக்கு வழியைப் பிடிக்கும். மண் போகும், வேர் தெரியும், வேர் வழுக்குகிறது என்று ஆட்கள் பக்கத்தில் இன்னொரு தடம் போடுவார்கள். இரண்டு பருவத்தில் ஒரு பாதை நான்காகிவிடும். மருந்து எளிதானது. குறுக்கு வழியின் வாயில் முள்ளும் கிளையும் போட்டு அடைக்க வேண்டும். பழைய தடத்தில், சரிவுக்குக் கொஞ்சம் சாய்வாகக் கல் பதித்து, தண்ணீரைப் பக்கவாட்டில் வெளியே திருப்ப வேண்டும். கல்லின் முக்கால் பங்கு மண்ணுக்குள் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த மழைக்கு அது உருண்டுவிடும்.

நம் பாறைகளில் இன்னொரு விசயம் இருக்கிறது. குகை வாசலுக்கு மேலே, மழைத்தண்ணீர் உள்ளே வழியாமலிருக்க வெட்டிய விளிம்பைப் பார்த்திருப்பீர்கள். அதற்குக் கீழே சில இடங்களில் ஒரு வரி பிராமி எழுத்து. இரண்டாயிரம் வருடப் பழசு. நம் கண்ணுக்கு அது நல்ல பிடிமானம்! 1940ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் அதைப் பாதுகாக்கிறது. சட்டத்தை விடுங்கள், அந்தக் கல்லில் சோக், அதாவது கை வழுக்காமலிருக்க நாம் பூசும் வெள்ளைப் பொடி, பட்டால் நமக்காக வாயைத் திறக்க ஊரில் ஒருவரும் மிஞ்ச மாட்டார்கள். அமெரிக்காவின் டெக்சாஸில் ஹுவேகோ டாங்க்ஸ் என்ற இடம் பாறை ஓவியங்களுக்கும் ஏறுவதற்கும் பேர் போனது. ஓவியங்கள் சேதமானதால் 1998 வாக்கில் கட்டுப்பாடு வந்தது. இன்று வடக்கு மலையில் ஒரே நேரத்தில் 70 பேர் மட்டும். மற்ற மலைகளுக்கு வழிகாட்டி இல்லாமல் போக முடியாது.

மாறாக, அதே நாட்டின் வயோமிங்கில் உள்ள டெவில்ஸ் டவர் என்ற பாறையில், பழங்குடி மக்களின் சடங்குகள் நடக்கும் ஜூன் மாதத்தில் ஏற வேண்டாம் என்று 1995 முதல் கேட்கிறார்கள். கட்டாயம் இல்லை, கேட்கிறார்கள். மற்ற மாதங்களுக்கு இந்தக் கோரிக்கை இல்லை. நாம் கேட்கப்படும்வரை காத்திருக்கத் தேவையில்லை. விகாரைக் காணியில் போயா நாளில் ஏற மாட்டோம் என்று நாமே போய்த் தேரரிடம் சொல்லலாம். பாறை விளிம்பில் மலைத்தேனீ கூடு கட்டினால் அந்தப் பக்கத்தை விட்டுவிடலாம். அது நம் உயிருக்கும் நல்லது.

அப்புறம், எழுத்து. காலிமுகத்திடல் நடைபாதையில் பிரித்தானிய கவர்னர் ஹென்றி வார்டின் 1859ஆம் ஆண்டுக் கல்லைப் படித்திருக்கிறீர்களா? அந்த நடைபாதையைக் கொழும்பின் பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமாக, தனக்குப் பின் வருகிறவர்களின் கவனத்துக்கு விடுவதாக எழுதியிருக்கிறது. கவர்னர் எப்படிப்பட்டவர் என்பது வேறு கதை, அந்த ஒரு வரியில் புத்தி இருக்கிறது. காணிக்கார ஐயா வாயால் தந்த அனுமதி அவரோடு போய்விடும், மகனுக்கு நாம் யார் என்றே தெரியாது. ஒரு பக்கக் கடிதம் போதும்: எந்த வழி, எங்கே வாகனம் நிறுத்துவது, விபத்து நடந்தால் யார் பொறுப்பு, யாரைத் தொலைபேசியில் கூப்பிடுவது. சிங்களத்திலும் தமிழிலும். ஒரு பிரதி கிராம உத்தியோகத்தருக்கு. கயிறு மாட்டப் பாறையில் ஆணி அடிக்கிற எண்ணம் இருந்தால் அதையும் முன்பே எழுதிக் கேளுங்கள். அடித்த ஆணியை யார் வருடாவருடம் பார்ப்பது என்றும் எழுதுங்கள்.

கடைசியாக ஓர் அறிவித்தல். வரும் மாதத்தில் ஒரு ஞாயிறு பாதை வேலைக்குப் போகிறோம். வாசலில் தாள் இருக்கிறது, பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிவிட்டுப் போங்கள். மண்வெட்டி அங்கேயே இருக்கிறது. கையுறையும் தண்ணீரும் கொண்டுவாருங்கள். கயிறு வேண்டாம், அன்றைக்கு யாரும் ஏறப் போவதில்லை.