ப்ரிஸ்க்: நடைக்குச் சரி, ஆளுக்கு?

வணக்கம் மக்களே. இன்றைக்கு ஒரே ஒரு ஆங்கிலச் சொல்தான், ப்ரிஸ்க் (brisk). "ஆள் செம ப்ரிஸ்க்" என்று நாம் பாராட்டாகச் சொல்வோம் இல்லையா? அதையே வேலைக்கான விண்ணப்பத்தில் எழுதலாமா என்பதுதான் விஷயம்.

முதலில் நடை. டாக்டர் ப்ரிஸ்க் வாக் போகச் சொன்னால் ஓட வேண்டியதில்லை. அதற்காகக் கடைவீதியில் வேடிக்கை பார்த்தபடி நடப்பதும் கணக்கில் வராது. நிமிடத்துக்குச் சுமார் 100 காலடி வைக்க வேண்டும். கூட வருபவரோடு பேச முடியும், பாட்டுப் பாட மூச்சு வராது. அதுதான் அளவு. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரம் குறைந்தது 150 நிமிட மிதமான உடற்பயிற்சி என்கிறதே, அதில் இந்த நடையும் சேர்த்தி.

தேர்தல் நாளில் ஆங்கிலப் பேப்பரில் 'ப்ரிஸ்க் போலிங்' என்று போடுவார்கள். நம் பேப்பரில் அதுவே 'விறுவிறுப்பான வாக்குப்பதிவு'. தீபாவளி நெருக்கத்தில் ஜவுளிக்கடையில் நடப்பது ப்ரிஸ்க் பிசினஸ். ஆனால் இன்டர்நெட்டை ஃபாஸ்ட் என்போம், ப்ரிஸ்க் என்று யாரும் சொல்வதில்லை.

சரி, ஆளுக்கு வருவோம். வம்பே இங்கேதான். ஒரு நர்ஸை ஆங்கிலத்தில் ப்ரிஸ்க் என்றால், மளமளவென்று வேலையை முடிப்பவர், வளவளவென்று பேசாதவர் என்று அர்த்தம். "மாத்திரை சாப்பிட்டாச்சா? சரி, கையைக் காட்டுங்க." அவ்வளவுதான், அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார். திட்டும் இல்லை, குழைவும் இல்லை. 'ப்ரிஸ்க் டோன்' என்றாலும் இந்த விறைப்புதான். வெடுக்கென்று பேசுவதைக் குறிக்கும் 'ப்ரஸ்க்' என்ற பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்திருக்கலாம் என்கின்றன அகராதிகள். எனக்கென்னவோ பொருத்தமாகத்தான் படுகிறது. அதனால் விண்ணப்பத்தில் 'எனர்ஜெடிக்' என்று போடுங்கள், வம்பில்லை.

அப்புறம் எனக்குப் பிடித்த இடம், டீ. தேயிலையை ருசி பார்த்துத் தரம் சொல்பவர்களுக்கு ப்ரிஸ்க் ஒரு தொழில் வார்த்தை. பால், சர்க்கரை எதுவும் சேர்க்காத டிகாக்‌ஷனைச் சர்ரென்று உறிஞ்சி, வாய்க்குள் சுழற்றித் துப்புவார்கள். சப்பென்று இருந்தால் ஃப்ளாட். நாக்கைச் சுருக்கென்று பிடித்து வாயைத் துலக்கிவிட்டால் ப்ரிஸ்க். கசப்பு வேறு, இந்தத் துவர்ப்பு வேறு. நல்ல கட்டன் சாயா குடித்தவர்களுக்கு இது புரியும்.

வயதான பிறகும் துறுதுறுவென்று இருப்பவர்களுக்கு 'ஸ்ப்ரை' என்று தனியாக ஒரு சொல் இருக்கிறது. அதை அடுத்த வீடியோவில் பார்க்கலாம். வரட்டுமா!