வில்லி அடாமெஸுக்கு 18.2 கோடி டாலர்: ஜயன்ட்ஸ் செய்தது சரிதானா?

வணக்கம் நண்பர்களே. இன்றைக்கு ஒரே ஒரு ஒப்பந்தத்தைப் பற்றித்தான் பேசப்போகிறேன். 2024 டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் பேஸ்பால் அணி, ஷார்ட்ஸ்டாப் என்ற இடத்தில் ஆடும் வில்லி அடாமெஸை ஏழு ஆண்டுகளுக்கு 18.2 கோடி டாலர் கொடுத்து எடுத்தது. அணியின் வரலாற்றிலேயே அதுவரை இல்லாத பெரிய தொகை அது. முந்தைய உச்சம் 2013-இல், வீரராக இருந்த காலத்தில், பஸ்டர் போஸி கையெழுத்திட்ட 16.7 கோடி. அந்தப் போஸியேதான் இப்போது அணியின் பேஸ்பால் நிர்வாகத் தலைவர். பதவிக்கு வந்து சில வாரங்களிலேயே தன் பெயரில் இருந்த உச்சத்தை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டார்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடாமெஸை எடுத்தது சரி. என்னை உறுத்துவது அந்த ஏழு ஆண்டுகள். பணம்கூட இரண்டாவது கவலைதான். அவருக்கு வயதாகும்போது களத்தில் எங்கே நிறுத்துவது என்பதுதான் முதல் கவலை. எப்படி என்று பார்ப்போம்.

பேஸ்பாலுக்குப் புதியவர்களுக்காக ஒரு நிமிடம். பேட்டர் சுற்றி ஓட வேண்டிய முனைகள்தான் பேஸ்கள். அவற்றில் இரண்டாவது பேஸுக்கும் மூன்றாவது பேஸுக்கும் நடுவில் நிற்பவர் ஷார்ட்ஸ்டாப். வலக்கை பேட்டர் இழுத்து அடிக்கும் தரைப் பந்துகளில் பெரும்பங்கு இவர் பக்கம்தான் வரும். ஓடி எடுத்து, நிலை திரும்பி, முதல் பேஸுக்கு நீண்ட தூரம் எறிய வேண்டும். கிரிக்கெட்டில் விக்கெட் கீப்பரைத் தேர்ந்தெடுக்கும்போது கையுறையா பேட்டா என்று காலங்காலமாக நடக்கிற சண்டை இங்கே ஷார்ட்ஸ்டாப்புக்கு நடக்கிறது. இரண்டும் உள்ளவர் அபூர்வம், அதனால்தான் இந்த விலை.

ஜயன்ட்ஸுக்கு அந்த இடத்தில் 2011 முதல் 2023 வரை பிராண்டன் கிராஃபோர்டு இருந்தார். சிறந்த களத் தடுப்புக்கான கோல்டு குளோவ் விருதுகள் நான்கு, பருவத்தின் இறுதிக் கோப்பையான உலகத் தொடர் வெற்றிகள் இரண்டு. அவர் போனபின் 2024-ஐ நிக் அகமதுவை வைத்துத் தொடங்கினார்கள். ஜூலையில் அவரை விடுவித்துவிட்டு டைலர் ஃபிட்ஸ்ஜெரால்டை நிறுத்தினார்கள். ஃபிட்ஸ்ஜெரால்டு 15 ஹோம் ரன்கள் (கிரிக்கெட்டின் சிக்ஸர் மாதிரி, சுவரைத் தாண்டும் அடி) அடித்து மனத்தைக் குளிரவைத்தார், மறுக்கவில்லை. ஆனால் ஒரு கோடைகால ஆட்டத்தை நம்பி ஓர் அணியின் நடுமையத்தை ஒப்படைக்க முடியாது.

இதற்குள் ரசிகர்கள் பட்ட ஏமாற்றங்களையும் நினைத்துப் பாருங்கள். 2022 டிசம்பரில் நட்சத்திர பேட்டர் ஆரன் ஜட்ஜ் வருவார் என்று காத்திருந்தோம், அவர் நியூயார்க்கிலேயே தங்கிவிட்டார். அதே மாதம் கார்லோஸ் கொரியாவுடன் 13 ஆண்டு, 35 கோடி டாலர் என்று பேசி முடித்தார்கள். அவரும் ஷார்ட்ஸ்டாப். அறிமுகக் கூட்டத்துக்கு நாள் குறித்தபின் மருத்துவப் பரிசோதனையில் கணுக்கால் பற்றிச் சந்தேகம் எழுந்து எல்லாம் கலைந்தது. 2023-இல் ஜப்பானிய நட்சத்திரம் ஷோஹெய் ஓட்டானி லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸுக்குப் போனார். நம் பரம எதிரியிடம்! இத்தனைக்கும் பிறகு ஒரு முன்னணி வீரர் சான் பிரான்சிஸ்கோவுக்கு வர விரும்பிக் கையெழுத்திட்டார் என்பதே எனக்குச் சிறிய செய்தியாகத் தெரியவில்லை.

சரி, எண்களுக்கு வருவோம். மில்வாக்கி புரூவர்ஸுக்காக 2024-இல் அடாமெஸ் 32 ஹோம் ரன்கள் அடித்தார், தன் அடியால் 112 ரன்களை உள்ளே கொண்டுவந்தார், பந்து அடிபடும் முன்பே அடுத்த பேஸுக்கு ஓடி 21 பேஸ்களைத் திருடினார். ஒப்பந்தத்தை எதிர்ப்பவர்கள் அந்த 112-ஐத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். அந்தப் பிடி நியாயமானது. அந்த ஆண்டு அவர் அடித்ததில் 13 ஹோம் ரன்கள் மூன்று ரன் ஹோம் ரன்கள். ஒரே பருவத்தில் அத்தனை என்பது கென் கிரிஃபி ஜூனியரின் சாதனைக்குச் சமம். அப்படி அடிக்க வேண்டுமென்றால் அவருக்கு முன்னால் இருவர் பேஸில் நிற்க வேண்டும். அது சக வீரர்களின் உழைப்பு, கொஞ்சம் அதிர்ஷ்டம்.

ஜயன்ட்ஸில் முதல் ஆண்டு, 2025. பேட்டிங் சராசரி .225 (ஆயிரம் முறை அடிக்க வந்தால் 225 முறை வெற்றி என்ற கணக்கு), உள்ளே கொண்டுவந்த ரன்கள் 87. தொடக்க மாதங்கள் பார்க்கவே கஷ்டமாக இருந்தன, ஜூன் வரைக்கும் மைதானத்தில் முணுமுணுப்பு ஓயவில்லை. ஆனால் ஹோம் ரன்கள் எத்தனை? 30. பாரி பாண்ட்ஸ் 2004-இல் 45 அடித்தபின் ஜயன்ட்ஸ் சட்டையில் யாருமே 30-ஐத் தொட்டதில்லை. 21 ஆண்டுகள்! ஓரக்கிள் பார்க் எப்படிப்பட்ட மைதானம் என்று தெரிந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். குளிர்ந்த கடற்காற்று பந்தைத் தூக்கவிடாது. வலப்பக்க நடுவில் சுவர் 415 அடிக்கு அப்பால் நிற்கிறது. வேறு ஊர்களில் வெளியே போகிற பந்து இங்கே கையுறைக்குள் விழும்.

என் வாதமே இங்கேதான் இருக்கிறது. சூழ்நிலை கொடுத்த 112 சுருங்கி 87 ஆனது. அவர் கைவலிமை கொடுத்த 32 கிட்டத்தட்ட அப்படியே 30 ஆக நின்றது. முந்தைய ஆண்டுகளைப் பார்த்தாலும் 2022-இல் 31, 2023-இல் 24. சராசரி எப்போதும் ஏறி இறங்கும் மனிதர் இவர், 2023-இல் .217 தான். அதைத் தெரிந்துதான் வாங்கினார்கள். 162 ஆட்டங்களில் 160-இல் களமிறங்கினார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கிராஃபோர்டு போனபின் ஜயன்ட்ஸ் தேடியது அதைத்தான்.

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் வேறொன்று, அதை மழுப்பப் போவதில்லை. அடாமெஸைப் போகவிட்ட மில்வாக்கி 2025-இல் 97 ஆட்டங்களை வென்றது. அமெரிக்க முதன்மைப் பேஸ்பாலின் இரண்டு லீக்குகளிலும் சேர்த்து அதுதான் முதலிடம். ஜோயி ஆர்ட்டிஸ் என்ற இளைஞரை ஷார்ட்ஸ்டாப்பில் நிறுத்தினார்கள், சம்பளம் மிகக் குறைவு, பேட்டிலிருந்தும் பெரிதாக ஒன்றும் வரவில்லை. அடாமெஸை வாங்கிய ஜயன்ட்ஸோ 2024-இல் 80 வெற்றி, 2025-இல் 81. 18 கோடி டாலருக்கு ஒரு வெற்றியா என்று கேட்கிறார்கள்.

கேள்வி குத்துகிறது. ஆனாலும் இதை அடாமெஸ் தலையில் போடுவதை நான் ஏற்கமாட்டேன். ஜூன் நடுவில் டாட்ஜர்ஸை நெருங்கியிருந்த அணி, வலுவான பேட்டர் ரஃபேல் டெவர்ஸை வாங்கிய பிறகும் சரிந்தது. ஜூலை இறுதியில் கமிலோ டோவல், டைலர் ராஜர்ஸ், மைக் யஸ்ட்ரெம்ஸ்கி என்று ஆட்களை விற்க வேண்டிய நிலை. அந்தச் சரிவு நடந்த மாதங்களில்தான் அடாமெஸ் நன்றாக அடித்தார். மில்வாக்கி மலிவாகச் சமாளித்தது என்றால், அவர்கள் இளைஞர்களைத் தயார்படுத்தும் முறை அப்படி. ஜயன்ட்ஸிடம் 2024 டிசம்பரில் தயாரான ஷார்ட்ஸ்டாப் யாரும் இல்லை. இல்லாததைக் கடையில்தான் வாங்க முடியும், கடையில் இருந்தவர்களில் இவர்தான் மேல்.

களத் தடுப்பைப் பற்றி இரண்டு தரப்பும் கத்திக்கொள்கின்றன. 2024-இல் ஒரு கணக்கு முறை அவர் சராசரி ஷார்ட்ஸ்டாப்பைவிட 16 ரன்களை இழக்கவைத்தார் என்றது. வீரர் எவ்வளவு தூரம் ஓடினார், எவ்வளவு நேரம் இருந்தது என்று கேமராக்கள் வழியே அளக்கும் இன்னொரு முறை அவர் சராசரிக்குச் சற்று மேல் என்றது. ஒரே மனிதர், ஒரே ஆண்டு. இரண்டில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு வாதாடுகிறவர்களை நம்பாதீர்கள். என் கண்ணுக்கு அவர் இப்போதைக்குப் போதுமான ஷார்ட்ஸ்டாப். கிராஃபோர்டு அல்ல.

இப்போதைக்கு என்று சொன்னேன் பாருங்கள், என் கவலை அதில்தான் இருக்கிறது. அடாமெஸ் பிறந்தது 1995 செப்டம்பர். ஒப்பந்தம் முடியும் 2031-இல் அவருக்கு 36 வயது ஆகிவிடும். பணம் பிரிக்கப்பட்ட விதத்தையும் பாருங்கள். கையெழுத்துக்கு 2.2 கோடி, முதல் இரண்டு ஆண்டுகள் தலா ஒரு கோடி, 2027 முதல் ஆண்டுக்கு 2.8 கோடி. பெருந்தொகை முழுவதும் அவர் முப்பதைத் தாண்டிய பின்தான் போகிறது. டெட்ராய்ட் அணி ஷார்ட்ஸ்டாப் ஹவியர் பாயெஸுக்கு ஆறு ஆண்டுக்கு 14 கோடி கொடுத்தது. 2024-இல் அவர் சராசரி .184-க்கு விழுந்தது. பின்பு 2025-இல் அவரை வெளிக்களத்தின் நடுவுக்கு (சென்டர் ஃபீல்டு) அனுப்பினார்கள், அங்கே ஆல்-ஸ்டார், அதாவது ஆண்டின் நட்சத்திர ஆட்டத்துக்குத் தேர்வானவர், ஆனார். இடம் மாற்றியதால் ஓர் ஒப்பந்தம் மூச்சு விட்டது.

ஜயன்ட்ஸால் அடாமெஸை எங்கே மாற்ற முடியும்? வயதாகும் ஷார்ட்ஸ்டாப்புக்கு வழக்கமான இடம் மூன்றாவது பேஸ். அங்கே மாட் சாப்மன் 2030 வரை. முதல் பேஸிலும் அடிக்க மட்டும் வருகிற இடத்திலும் டெவர்ஸ், அவர் ஒப்பந்தம் 2033 வரை. அதே இரண்டு இடங்களுக்குப் பிரைஸ் எல்ட்ரிஜ் என்ற இளைஞரும் வந்து நிற்கிறார். 2025 ஜனவரியில் ஏறக்குறைய 30 லட்சம் டாலருக்கு எடுத்த ஹோசுவார் கொன்சாலெஸ் என்ற டொமினிக்கன் சிறுவனும் ஷார்ட்ஸ்டாப். அவன் நினைத்தபடி வளர்ந்தால் 2029 வாக்கில் கதவைத் தட்டுவான்.

மிச்சம் இருப்பது இரண்டாவது பேஸ். அதுதான் சரியான வழி என்று நினைக்கிறேன். மார்க்கஸ் செமியன் டொரான்டோவில் 2021-இல் ஷார்ட்ஸ்டாப்பிலிருந்து அங்கே மாறி 45 ஹோம் ரன்கள் அடித்தார். எறிய வேண்டிய தூரம் குறைவு, தோளுக்குச் சுமை குறைவு. அடாமெஸும் கையெழுத்திடும் முன்பு வேறு இடத்தில் ஆடவும் தயார் என்று அணிகளிடம் சொல்லியிருந்ததாகச் செய்தி வந்தது. அப்படியிருக்க, 2028 பயிற்சி முகாமிலிருந்தே அவரை வாரத்துக்கு ஓரிரு ஆட்டங்களில் இரண்டாவது பேஸில் நிறுத்திப் பழக்கலாமே. 2025 இறுதியில் நியமிக்கப்பட்ட பயிற்சியாளர் டோனி விட்டெல்லோ டென்னசி பல்கலைக்கழகத்தில் இளைஞர்களை வைத்து வளர்ந்தவர். மூத்த வீரரிடம் இந்தப் பேச்சை எடுப்பது அவருக்குச் சிரமம்தான். ஆனால் போஸி எடுக்கலாம். பேட்டருக்குப் பின்னால் குந்தியிருந்து பந்தைப் பிடிக்கும் கேட்சராக இருந்தவர், முழங்கால்களைக் காப்பாற்ற முதல் பேஸில் பல ஆட்டங்கள் நின்றவர்.

உங்கள் திட்டம் வேறாக இருந்தால் எழுதுங்கள். 2029-இல் அடாமெஸை எந்த இடத்தில் நிறுத்துவீர்கள், அங்கிருந்து யாரை எடுப்பீர்கள் என்று இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள். அடுத்த காணொளியில் எல்ட்ரிஜைப் பற்றிப் பேசுவோம். வணக்கம்.