விக்கிக்கு முன்னால் வலைப்பூ: திருத்துறைப்பூண்டி பட்டிமன்றத்தில் ஓர் உரை

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, திருத்துறைப்பூண்டிப் பெருமக்களே, அனைவருக்கும் வணக்கம்.

தகவலைப் பகிர்ந்துகொள்ளச் சிறந்தது ஒருவர் தம் பெயரில் இணையத்தில் எழுதும் வலைப்பூவா, பலர் சேர்ந்து எழுதித் திருத்தும் விக்கியா? வலைப்பூவே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணிச் சகோதரி, ஊர் கூடி வாய்க்கால் தூர்வாருவது போலப் பலர் கூடித் திருத்துவதுதான் விக்கி என்றார். அருமையான உவமை. ஆனால் அம்மா, எவ்வளவுதான் தூர்வாரினாலும் மேட்டூரில் தண்ணீர் திறந்தால்தானே கடைமடைக்கு வந்து சேரும்? விக்கிக்கு வந்து சேரும் செய்தி வேறெங்கோ முதலில் எழுதப்பட்டிருக்க வேண்டும். இது என் கற்பனை இல்லை, விக்கிப்பீடியாவின் விதி. அங்கே சொந்த ஆய்வுக்கு இடமில்லை; எழுதுவதற்கு ஏற்கெனவே வெளியான சான்று வேண்டும். கலைக்களஞ்சியத்துக்கு அது நல்ல விதிதான். தமிழ் விக்கிப்பீடியா 2003-இல் தொடங்கியது. அதில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகளைச் சேர்த்த தன்னார்வலர்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் நம் டெல்டாவின் அறிவில் பெரும்பகுதி அச்சேறாதது. அது எங்கே போகும்?

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. இந்தச் செய்தி விக்கியில் இருக்கும், சரியாகவும் இருக்கும். விடிந்ததும் தென்னந்தோப்புக்கு ஓடியவருக்கு வேண்டியது வேறு. எந்த மரத்தை வெட்டுவது, எதை விட்டுவைப்பது? என் பெரியப்பா நின்ற மரம், சாய்ந்த மரம் எல்லாவற்றிலும் குருத்தைப் பார்த்தார். குருத்து முறுக்கிக்கொண்டிருந்தால் அந்த மரத்தின் மீதான ஆசையை விட்டுவிட்டார். வேர் பிடித்திருந்து குருத்தும் நலமாக இருந்தால் வைத்துக்கொண்டார். உடைந்த மட்டைகளை அரிந்து, கொண்டையைச் சுத்தம் செய்து, குருத்து அழுகாமல் இருக்கப் போர்டோ கலவை என்ற பூஞ்சணக்கொல்லியை ஊற்றச் செய்தார். என் தம்பி அதையெல்லாம் தேதி போட்டு, மரத்துக்கு மரம் படம் எடுத்து, வலைப்பூவில் எழுதினான். பிழைத்த மரம் எப்போது மறுபடி பாளை விட்டது என்று பேராவூரணியிலிருந்து ஒருவர் கேட்டார். அடுத்த பதிவே அதற்கான பதிலாக வந்தது. இதை விக்கியில் எழுதினால் "சான்று தேவை" என்று குறித்துவிடுவார்கள். பெரியப்பாவின் கையும் கண்ணும்தானே ஐயா சான்று!

தவறாக எழுதினால் யார் திருத்துவார்கள் என்று கேட்டார்கள். பெயர் போட்டு எழுதியவரை நேரே கேட்கலாம். அவர் பதில் சொல்லியாக வேண்டும்.

எழுதியவரோடு வலைப்பூவும் அழிந்துவிடும் என்றார்கள். மறுக்கமாட்டேன், அது என்னையும் வருத்துகிறது. பலரும் தங்கள் வலைப்பக்கங்களை வைத்திருந்த ஜியோசிட்டீஸ் தளம் 2009-இல் மூடப்பட்டபோது எத்தனை பேருடைய பக்கங்கள் போயின! அதனால்தான் பழைய பக்கங்களைப் படியெடுத்துக் காக்கும் வேபேக் மெஷின் போன்ற சேமிப்பகங்களை ஆதரிக்க வேண்டும் என்கிறேன். எழுதியது தொலைந்தால் தேடலாம், எழுதவே இடமில்லாததை எங்கே போய்த் தேடுவது?

பக்கத்தில் ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்தியவர் நெல் ஜெயராமன். 150-க்கும் மேற்பட்ட பாரம்பரிய நெல் வகைகளை மீட்டவர். 2 கிலோ விதைநெல் வாங்கிச் சென்றவர் 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும் என்பது அங்கே ஏற்பாடு. விதை திரும்பி வந்தது. அதோடு, எந்த மண்ணில் எப்படி விளைந்தது, எந்த மழையில் சாய்ந்தது என்கிற அனுபவமும் திரும்பி வர வேண்டாமா? அது ஒவ்வொரு விவசாயியும் தன் பெயரில், தன் சொல்லில் எழுத வேண்டியது. நாலு பேர் திருத்தித் திருத்திப் பொதுவாக்கினால், அந்த மண்ணின் தனிக்கூறுதான் முதலில் காணாமல் போகும்.

நடுவர் அவர்களே, உவர் நிலத்தில் குழியடிச்சான் நெல் விதைத்து அறுத்த ஒருவர் இந்தக் கூட்டத்தில் இருக்கக்கூடும். தமக்குத் தெரிந்ததை அவர் இன்றிரவே எழுத விரும்பினால் எங்கே எழுதுவது என்று எதிரணியைக் கேளுங்கள். அவர்கள் பதிலைக் கேட்டுவிட்டுத் தீர்ப்பு வழங்குங்கள். நன்றி, வணக்கம்.